முன்னாள் அதிபருக்கு எதற்கு வெண்கொற்றக்குடை?

1998-ஆம் ஆண்டு அக்டோபர் 16. லண்டனில் ஒரு தனியார் மருத்துவமனை. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 82 வயது முதியவர் ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். இரவு நேரத்தில் போலீசார் வந்து அவரைக் கைது செய்கிறார்கள். கைது செய்யச் சொன்னது இங்கிலாந்து அல்ல, ஸ்பெயின் நாட்டு நீதிபதி பல்தசார் கார்சோன். கைதானவரோ இங்கிலாந்துக்காரரும் இல்லை, ஸ்பெயின்காரரும் இல்லை. சிலி நாட்டின் முன்னாள் அதிபர், ஜெனரல் அகஸ்டோ பினோசே.

உலகம் முழுக்க ஆச்சரியம். ஒரு நாட்டை ஆண்டவரை இன்னொரு நாட்டில் வைத்து, மூன்றாவது நாட்டின் வாரண்டில் பிடிக்க முடியுமா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் அன்று எழுந்தது. பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக ஒரு முன்னாள் அதிபரைக் கூண்டில் ஏற்றலாமா, கூடாதா?

கூடாது என்று சொல்பவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2024-ல் பாதி சேர்ந்துகொண்டது. அவர்கள் சொல்லும் காரணங்களில் சில உண்மையிலேயே கனமானவை. ஆனால் எதுவும் கடைசி வரை நிற்காது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பினோசே செய்தது என்ன?

1973 செப்டம்பர் 11 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சால்வடோர் அலெண்டேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. அதிபர் மாளிகை மீது விமானங்கள் குண்டு போட்டன. அலெண்டே அன்றே இறந்தார். அதன் பிறகு 1990 மார்ச் வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள் பினோசேயின் ஆட்சி. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் மட்டும் 3,000-க்கும் மேல். சித்திரவதைக்கும் அரசியல் சிறைக்கும் ஆளானவர்கள் பல்லாயிரம் பேர். இது எதிர்க்கட்சிக்காரர்கள் போட்ட கணக்கு அல்ல. ஜனநாயகம் திரும்பிய பின் சிலி அரசே அமைத்த விசாரணைக் குழுக்கள் ஊர் ஊராக, பெயர் பெயராகச் சேர்த்த கணக்கு.

பினோசே கெட்டிக்காரர். பதவியில் இருக்கும்போதே தனக்குக் குடை பிடித்துக்கொண்டார். 1978-ல் ஒரு பொது மன்னிப்புச் சட்டம். ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து 1978 மார்ச் வரை நடந்த குற்றங்களுக்கெல்லாம் மன்னிப்பு. குற்றம் செய்தவரே மன்னிப்பும் கொடுத்துக்கொண்ட வேடிக்கை அது! 1988-ல் பொது வாக்கெடுப்பில் தோற்று, 1990-ல் அதிபர் பதவியை விட்ட பிறகும் 1998 வரை ராணுவத் தளபதி. அந்தப் பதவியும் முடிந்ததும் ஆயுட்கால செனட்டர். அவரே கொண்டுவந்த அரசியல் சட்டத்தில் அவருக்காகவே போட்டுவைத்த நாற்காலி அது. உள்நாட்டில் எந்த நீதிபதியும் தொட முடியாது என்று நினைத்துத்தான் நிம்மதியாக லண்டனுக்கு வைத்தியத்துக்குப் போனார்.

அரசாங்க வேலையா கொலை?

லண்டனில் அவருடைய வக்கீல்கள் வைத்த வாதம் எளிமையானது. எங்கள் கட்சிக்காரர் அப்போது நாட்டின் தலைவர். அவர் செய்ததெல்லாம் தலைவர் என்ற முறையில் செய்த அரசுக் காரியங்கள். அரசுக் காரியத்துக்கு அவரைத் தனி மனிதராக வழக்கில் இழுக்கக் கூடாது. பதவி போனாலும் அந்தப் பாதுகாப்பு போகாது. 1998 அக்டோபர் 28 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் அதன் விபரீதம் புரியும். ஒரு அதிபர் கோபத்தில் தன் வீட்டுத் தோட்டக்காரரைக் கொன்றால் அது சொந்தக் குற்றம், விலக்குரிமை கிடையாது. அதே அதிபர் ரகசியப் போலீசை ஏவி, அரசுப் பணத்தில், அரசு வண்டியில் ஏற்றி, அரசு முகாமில் வைத்து ஆயிரம் பேரைக் கொன்றால் அது அரசுக் காரியம், விலக்குரிமை உண்டு! அதாவது குற்றம் பெரிதாகப் பெரிதாகப் பாதுகாப்பும் பெரிதாகும். எந்த ஊர் நியாயம் இது?

மேல்முறையீடு பிரபுக்கள் அவைக்குப் போனது. அங்கே இருந்த நீதிபதிகளில் ஒருவரான ஸ்டெய்ன் பிரபு இதே ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டினார். இந்தத் தர்க்கப்படி பார்த்தால் யூதர்களை ஒழிக்க ஹிட்லர் போட்ட உத்தரவையும் நாட்டுத் தலைவரின் அலுவல் என்றுதான் சொல்லவேண்டிவரும் என்றார். 1998 நவம்பர் 25 அன்று, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பினோசேவுக்கு விலக்குரிமை இல்லை என்று தீர்ப்பு. அன்று அவருக்கு 83-வது பிறந்தநாள்.

பிறகு ஒரு சிக்கல். தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பிரபுவுக்கு, வழக்கில் தலையிட்டிருந்த அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் அறக்கட்டளையோடு தொடர்பு இருந்தது வெளியே வந்தது. அதனால் அந்தத் தீர்ப்பே ரத்தானது. மறுபடியும் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஒரு சர்வாதிகாரிக்குக் கிடைத்த நீதியைக் கவனிக்க வேண்டும். நீதிபதி ஒருவருக்குச் சம்பந்தம் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்ததுமே தீர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். அவருடைய ரகசியப் போலீஸ் இழுத்துப் போனவர்களில் யாருக்காவது இந்த மரியாதை கிடைத்ததா?

1999 மார்ச் 24 அன்று இரண்டாவது தீர்ப்பு. ஆறுக்கு ஒன்று. காரணம் ரொம்பத் தெளிவு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் சிலி, ஸ்பெயின், இங்கிலாந்து மூன்றும் கையெழுத்திட்டிருந்தன. அந்த உடன்படிக்கையின்படி சித்திரவதை என்றாலே அரசு அதிகாரியோ, அவரது தூண்டுதலிலோ சம்மதத்திலோ மற்றவரோ செய்வதுதான். அரசுக் காரியம் என்று சொல்லி எல்லோரும் தப்பிக்கலாம் என்றால் அந்த உடன்படிக்கையில் தண்டிக்க ஒரு ஆள்கூட மிஞ்சமாட்டார். தண்டிக்கவே முடியாத குற்றத்துக்கு உலக நாடுகள் கூடி எதற்கு ஒரு சட்டம் எழுதின?

ஆனால் அந்த உடன்படிக்கை மூன்று நாடுகளையும் கட்டுப்படுத்திய 1988 டிசம்பர் 8-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு மட்டுமே விசாரணை என்றும் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிட்டது. சட்டம் தன் எல்லையைத் தானே போட்டுக்கொண்டது. பழிவாங்க நினைப்பவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள்.

பதவியில் இருக்கும்போது வேறு, போன பிறகு வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். விலக்குரிமையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாட்டை நடத்திக்கொண்டிருப்பவரைத் தினம் ஒரு ஊர்க் கோர்ட்டுக்கு இழுத்தால் நிர்வாகம் நின்றுபோகும். அதனால் பதவிக்காலத்தில் ஒரு பாதுகாப்பு இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு நாற்காலிக்கு. நாற்காலியில் உட்கார்ந்தவரின் உடம்புக்கு அல்ல.

இந்திய அரசியல் சட்டத்தின் 361-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. குடியரசுத் தலைவர் மீதும் ஆளுநர்கள் மீதும் அவர்களது பதவிக்காலத்தில் குற்ற வழக்கு தொடரக்கூடாது, நடக்கும் வழக்கும் தொடரக்கூடாது. "பதவிக்காலத்தில்" என்ற ஒரு சொல்தான் முக்கியம். இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். பாபர் மசூதி இடிப்பு வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சதிக் குற்றச்சாட்டை மீண்டும் உயிர்ப்பித்தபோது, கல்யாண் சிங் ராஜஸ்தான் ஆளுநராக இருந்தார். அவர் பதவியில் இருக்கும் வரை காத்திருக்கச் சொன்னது நீதிமன்றம். 2019 செப்டம்பரில் பதவி முடிந்தது. அந்த மாதமே கோர்ட்டில் நிறுத்தப்பட்டார். 2020 செப்டம்பர் 30 அன்று மற்றவர்களோடு அவரும் விடுதலையானார். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். பதவி போனதும் வழக்கு வந்தது, விசாரணை நடந்தது, ராஜஸ்தானோ இந்தியாவோ கவிழ்ந்துவிடவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இலங்கையின் 1978 அரசியல் சட்டம் 35-வது பிரிவும் ஜனாதிபதிக்குப் பதவியில் இருக்கும் வரைதான் பாதுகாப்பு தருகிறது. அதோடு இன்னொரு நல்ல விதியும் அதில் உண்டு. வழக்குப் போடுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் காலக்கெடுவில் பதவிக்காலம் கணக்கில் சேராது. கடிகாரம் நிறுத்திவைக்கப்படும், அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 22 அன்று முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, பதவியில் இருந்தபோது அரசுப் பணத்தைச் சொந்தப் பயணத்துக்குச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். சில நாட்களில் ஜாமீனும் கிடைத்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம்தான் சொல்லவேண்டும். ஆனால் கேட்கவே கூடாது என்று அங்கே சட்டம் சொல்லவில்லை. (அரசுப் பணத்துக்கே இப்படி என்றால், போரின் கடைசி மாதங்களில் போன உயிர்களுக்கு எப்போது கேட்பார்கள் என்ற கேள்வி தமிழர்களுக்கு எழாமல் இருக்காது. சட்டம் வழியை அடைக்கவில்லை. நடக்கத்தான் ஆள் இல்லை.)

பயந்து பயந்து ஆள முடியுமா?

எதிர்த் தரப்பின் முதல் வாதம் இது. நாளைக்கு ஜெயிலுக்குப் போகவேண்டியிருக்குமோ என்ற பயத்தில் ஒரு அதிபர் துணிச்சலான முடிவு எடுக்கமாட்டார். 2024 ஜூலை 1 அன்று, டிரம்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னதன் சாரம் இதுதான். அரசியல் சட்டம் அதிபருக்கு மட்டுமே தந்த அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்த எதற்கும் முழு விலக்கு. மற்ற அலுவல் காரியங்களுக்கும் விலக்கு உண்டு என்றே தொடக்கத்தில் கொள்ளவேண்டும். சொந்தக் காரியங்களுக்கு மட்டும் கிடையாது. அலுவல் காரியங்களை வேறு குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டவும் பெரும்பாலும் முடியாது.

பினோசேயின் வக்கீல்கள் 1998-ல் கேட்டதும் ஏறத்தாழ இதையேதான்! அங்கே தோற்ற வாதம் இங்கே ஜெயித்துவிட்டது.

இந்த வழக்கு கீழ் நீதிமன்றத்தில் நடந்தபோது நீதிபதி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். தன் அரசியல் எதிரியைக் கொல்லச் சொல்லி ஒரு அதிபர் கடற்படையின் சிறப்புப் படைக்கு உத்தரவு போட்டால் அவர் மீது வழக்கு போடலாமா? நாடாளுமன்றம் முதலில் அவரைப் பதவி நீக்கத் தீர்மானத்தில் தண்டித்திருந்தால்தான் போடலாம் என்பது போலப் பதில் வந்தது. அப்படியானால் பதவியின் கடைசி நாளில் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? நாடாளுமன்றத்தில் பாதிப் பேர் அவர் கட்சியாகவே இருந்தால்?

பயம் பற்றிய வாதத்துக்கு வருவோம். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கலவரத்தில் துப்பாக்கியைத் தூக்கும்போது சட்டம் அவர் தலைமேல் தொங்குகிறது. ஆபரேஷன் செய்யும் டாக்டர், ரயில் ஓட்டும் டிரைவர், கையெழுத்துப் போடும் தாசில்தார், எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. அவர்கள் யாரும் வேலையை விட்டு ஓடிவிடவில்லை. கோடிக்கணக்கான பேரின் உயிரைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தப் பயம் கூடாதாம்! உண்மையில் அவருக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

அமெரிக்காவின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 1974 ஆகஸ்ட்டில் வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் ராஜினாமா செய்தார். செப்டம்பர் 8 அன்று, அவருக்குப் பின் வந்த ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். நிக்சனும் வாங்கிக்கொண்டார். விலக்குரிமை ஏற்கனவே இருந்திருந்தால் மன்னிப்பு எதற்கு? குடை வைத்திருப்பவர் இன்னொரு குடையைக் கடன் வாங்குவாரா? 1789 முதல் 2024 வரை 235 ஆண்டுகள் அமெரிக்க அதிபர்கள் இப்படி ஒரு தீர்ப்பு இல்லாமல்தான் ஆண்டார்கள். போர் நடத்தினார்கள், அணுகுண்டும் போட்டார்கள். துணிச்சலுக்கு அங்கே பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பழிவாங்கினால்?

இது கனமான வாதம். புதிதாக வருகிறவர் பழையவரை உள்ளே தள்ளுவார், அடுத்து வருகிறவர் இவரைத் தள்ளுவார், நாடு நாசமாகும் என்கிறார்கள். இதை வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. பாகிஸ்தானின் ஜுல்ஃபிகர் அலி பூட்டோ அதிபராகவும் பிறகு பிரதமராகவும் இருந்தவர். 1977-ல் ஜெனரல் ஜியா அவரைக் கவிழ்த்தார். கொலை வழக்கு ஒன்றில் 1979 ஏப்ரல் 4 அன்று பூட்டோ தூக்கிலிடப்பட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றமே 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. 45 வருடம் கழித்து!

ஆனால் யோசிக்கவேண்டும். முன்னாள் தலைவர் மீது வழக்கு கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால் பூட்டோ பிழைத்திருப்பாரா? அரசியல் சட்டத்தையே மடக்கி ஓரமாக வைத்த ஜெனரல், அதில் ஒரு விதியை மட்டும் மதித்திருப்பாரா? விலக்குரிமை என்பது நேர்மையான நீதிமன்றத்தை மட்டுமே தடுக்கும். நேர்மையில்லாத ஆட்சியை அது ஒருநாளும் தடுக்காது. பூட்டோவைக் காப்பாற்றியிருக்கக் கூடியது பயப்படாத நீதிபதிகள்தான்.

பிரேசிலைப் பார்க்கலாம். முன்னாள் அதிபர் லூலா 2018-ல் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார், 580 நாள் உள்ளே இருந்தார். 2021-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. விசாரித்த நீதிபதி பாரபட்சமாக நடந்துகொண்டார் என்றும் சொன்னது. லூலா தேர்தலில் ஜெயித்து 2023-ல் மீண்டும் அதிபரானார். தவறு நடந்தது, பெரிய தவறு. அதைத் திருத்தியதும் நீதிமன்றமே. அதே பிரேசிலில் தேர்தலில் தோற்றும் பதவியில் ஒட்டிக்கொள்ளச் சதி செய்தார் என்று 2025 செப்டம்பரில் இன்னொரு முன்னாள் அதிபர் போல்சனாரோவுக்கு 27 ஆண்டு 3 மாதம் தண்டனை கிடைத்தது. ஒரு தவறான வழக்கு நடந்துவிட்டது என்பதற்காக எல்லா வழக்கையும் மூடியிருந்தால் ஆட்சிக் கவிழ்ப்புச் சதிகூடக் கேள்வி இல்லாமல் போயிருக்கும்.

சாதாரண மனிதர்கள் மீதும்தான் பொய் வழக்கு போடுகிறார்கள். அதற்காக யார் மீதும் வழக்கே வேண்டாம் என்று சொல்வதுண்டா? நல்ல நீதிபதி வேண்டும், மேல்முறையீடு வேண்டும் என்றுதானே கேட்கிறோம்?

தண்டிப்போம் என்றால் இறங்குவானா?

எல்லாவற்றிலும் வலுவான வாதம் இதுதான். ஒரு சர்வாதிகாரியிடம் போய், பதவியை விட்டு இறங்கு, இறங்கியதும் ஜெயில் என்று சொன்னால் அவன் எதற்கு இறங்குவான்? கடைசித் தோட்டா தீரும் வரை உட்கார்ந்திருப்பான். செத்துப்போவது மக்கள்தான். 1990-ல் சிலியில் ஜனநாயகம் வந்ததே பினோசேயை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே?

உண்மைதான். புதிய அரசிடம் வாக்கு இருந்தது, பினோசேயிடம் துப்பாக்கி இருந்தது. அன்று பொறுத்துப்போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பலம் இல்லாததால் இன்று காத்திருப்பது வேறு, இனி என்றைக்குமே கேட்கமாட்டோம் என்று சட்டமாக எழுதி வைப்பது வேறு. முன்னது தற்காப்பு. பின்னது, அடுத்து வரப்போகும் சர்வாதிகாரிக்குக் கொடுக்கும் அழைப்பிதழ். எவ்வளவு கொன்றாலும் கடைசியில் பேரம் பேசிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதோடு, அந்தப் பேரத்தில் உட்கார்ந்து பேசியது யார்? ஜெனரல்களும் கட்சித் தலைவர்களும். பிள்ளையைத் தேடி அலைந்த தாய்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே! அவர்கள் கொடுக்காத மன்னிப்பை மற்றவர்கள் எப்படிக் கொடுக்க முடியும்?

பேரம் மீறப்பட்டபோது சிலியில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். பினோசே லண்டனில் கைதானபோது, இனி ராணுவம் சும்மா இருக்காது, ரத்த ஆறு ஓடும் என்று பயமுறுத்தினார்கள். எதுவும் ஓடவில்லை. அதற்கு மாறாக, தூங்கிக்கொண்டிருந்த சிலி நீதிமன்றங்கள் விழித்துக்கொண்டன. பொது மன்னிப்புச் சட்டம் 1978 வரை நடந்த குற்றங்களுக்குத்தான். ஆனால் ஒருவரைக் கடத்திப்போய், அவர் உடலும் கிடைக்காமல், என்ன ஆனார் என்றும் தெரியாமல் இருந்தால் அந்தக் கடத்தல் இன்னும் முடியவில்லை, இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும் குற்றம் அது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முடியாத குற்றத்துக்கு 1978-ல் எப்படி மன்னிப்பு கிடைத்திருக்கும்? தடயமே இருக்கக்கூடாது என்று உடல்களை மறைத்தார்கள். அந்த மறைப்பே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

2000 ஆகஸ்ட்டில் சிலி உச்ச நீதிமன்றமே பினோசேயின் செனட்டர் விலக்குரிமையைப் பறித்தது. நீதிபதி ஹுவான் குஸ்மான் அவர் மீது குற்றச்சாட்டைப் பதிவு செய்தார். பத்து வருடத்துக்கு முன் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம்! இன்னொரு விசித்திரமும் நடந்தது. பெருவின் முன்னாள் அதிபர் ஃபுஜிமோரி சிலியில் பிடிபட்டபோது, 2007-ல் அவரைப் பெருவுக்கே அனுப்பிவைத்தது சிலி உச்ச நீதிமன்றம். 2009-ல் அவருக்கு 25 ஆண்டு சிறை. தன் சர்வாதிகாரிக்குக் குடை பிடித்த நாடு பக்கத்து நாட்டுக்காரரின் குடையை மடக்கிக் கொடுத்தது.

தண்டனை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. தென் கொரியாவில் 1996-ல் சுன் டூ-ஹ்வான், ரோ டே-வூ என்ற இரண்டு முன்னாள் அதிபர்களை ஆட்சிக் கவிழ்ப்புக்காகத் தண்டித்தார்கள். பிறகு வந்த முன்னாள் அதிபர் பார்க் கியூன்-ஹே ஊழலுக்காகச் சிறை போனார். அவரை விசாரித்த குழுவில் இருந்த அரசு வழக்கறிஞர் யூன் சுக்-யோல் பின்னாளில் அதிபராகி, 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டத்தை அறிவித்தார்! சட்டம் தெரிந்தவரே சட்டத்தை மீறினார். ஆனால் நாடாளுமன்றம் சில மணி நேரத்தில் அதை ரத்து செய்தது. 2025 ஏப்ரலில் அவர் பதவியும் போனது, குற்ற வழக்கும் வந்தது. கொரிய அரசியல் சட்டம் பதவியில் இருக்கும் அதிபருக்கே கலகம், தேசத்துரோகம் இரண்டுக்கும் விலக்கு தருவதில்லை. திருட்டுக்குத் தண்டனை இருந்தும் திருடர்கள் இருக்கிறார்கள். அதற்காகத் தண்டனையை எடுத்துவிட்டால் திருட்டு குறைந்துவிடுமா?

மனசாட்சி போதுமா?

தமிழில் நீதி என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு அரசர்கள். கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். தவறான தீர்ப்பு தெரிந்ததும் சிம்மாசனத்திலேயே உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியன். பெருமையான கதைகள்தான். ஆனால் இரண்டிலும் அரசனைத் தண்டித்தது அரசனே. அவன் மனசாட்சி விழித்துக்கொண்டதால் நீதி கிடைத்தது. விழிக்காத அரசனிடம் கண்ணகி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாயிற்காவலனே விரட்டியிருப்பான். மனசாட்சி உள்ள அரசனுக்கு நீதிமன்றம் தேவையில்லை. மனசாட்சி இல்லாதவனுக்காகத்தான் நீதிமன்றமே.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அரசனே கொலைகாரன் என்றால்? அவனைத் தெய்வத்திடம் விட்டுவிடு என்பதுதான் விலக்குரிமை கேட்பவர்களின் பதில். வேலியே பயிரை மேய்ந்தபிறகு, மழை வரட்டும் என்று உட்கார்ந்திருக்கச் சொல்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பதவியில் இருக்கும் வரை வழக்கை நிறுத்தி வைக்கலாம், கடிகாரத்தையும் நிறுத்தி வைக்கவேண்டும். பதவி முடிந்த அன்று அவரும் ஒரு குடிமகன். பொய் வழக்கு வராமல் இருக்க, உயர்ந்த நீதிமன்றம் ஒன்று முதலில் ஆதாரத்தைப் பார்த்து அனுமதிக்கலாம். சிலியில் பினோசேவுக்கு அப்படித்தான் நடந்தது. ஆளும் கட்சியின் கைக்கு எட்டாத அரசு வழக்கறிஞர் வேண்டும். மேல்முறையீடு வேண்டும். வயதும் நோயும் இருந்தால் கருணை காட்டலாம், ஆனால் அது தீர்ப்புக்குப் பிறகு. உண்மை வெளிவந்த பின்னால் காட்டுவதுதான் கருணை. அதற்கு முன்னால் காட்டினால் அதற்குப் பெயர் மூடி மறைப்பது.

பினோசே விஷயத்தில் நடந்தது அந்த இரண்டாவதுதான். உடல்நிலை சரியில்லை, விசாரணையைத் தாங்கமாட்டார் என்று 2000 மார்ச் 2 அன்று இங்கிலாந்து உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா அவரை விடுவித்தார். மறுநாள் சாண்டியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். வரவேற்க வந்த தளபதியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு சிலியிலும் மறதி நோய் என்று சொல்லி வழக்கு நின்றது. 2004-ல் வாஷிங்டன் ரிக்ஸ் வங்கியில் அவருக்கு இருந்த ரகசியக் கணக்குகள் வெளியே வந்தன. நாட்டுக்காகக் கொன்றேன் என்றவர் தனக்காகச் சேர்த்தும் வைத்திருந்தார். 2006 டிசம்பர் 10 அன்று, ஒரு வழக்கிலும் தீர்ப்பு வராமலே இறந்தார். அது உலக மனித உரிமை நாள்.

அப்போது சிலியின் அதிபர் மிச்செல் பாச்சலெட். அவருடைய தந்தை, விமானப்படை ஜெனரல் ஆல்பர்டோ பாச்சலெட், பினோசேயின் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி 1974-ல் இறந்தவர். 1975-ல் மகளையும் தாயையும் வில்லா கிரிமால்டி முகாமில் அடைத்து வைத்தார்கள். பழிவாங்க வேண்டும் என்றால் சிலியில் அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? அவர் கையில் ஆட்சி இருந்தது. வழக்கை நீதிபதிகளிடம் விட்டார். முன்னாள் அதிபருக்கு உரிய அரசு மரியாதையை மட்டும் கொடுக்க மறுத்தார். ராணுவம் தன் பழைய தளபதிக்குச் செய்யும் மரியாதையோடு நிறுத்தச் சொன்னார்.

விலக்குரிமை இல்லாவிட்டால் பழிவாங்கல்தான் மிஞ்சும் என்று சொல்பவர்கள் அந்தப் பெண்மணியைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். பழிவாங்காமல் இருப்பதற்கும் நீதி கேட்பதற்கும் நடுவில் எந்த முரண்பாடும் இல்லை. அங்கே தீர்ப்பு வராமல் போனதற்குக் காரணம், அந்தக் குடையை மடக்க உலகம் எட்டு வருடம் தாமதித்ததுதான்.